ஒசூயூஸ்: காலைப்பொழுதை எதற்குக் கொடுப்பது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அமெரிக்க எல்லையை ஒட்டி, ஓகநாகன் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் சிற்றூர் ஒசூயூஸ். மக்கள்தொகை 5,500 அளவில். வான்கூவரிலிருந்து மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் ஏறத்தாழ 400 கி.மீ.; நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். ஏரி, வறண்ட புதர்க்காடு, திராட்சைத் தோட்டம் மூன்றும் ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்துவிடலாம் என்று தோன்றும்.

வெயில்தான் அந்தக் கணக்கைக் குலைக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 30 டிகிரியைத் தாண்டும். 38, 40 தொடும் நாட்களும் உண்டு. வெளியே நிம்மதியாக நடமாட நண்பகல் வரைதான் அவகாசம். பாலைநிலமும் துடுப்புப் படகும் அந்தக் காலைப்பொழுதையே கேட்கின்றன. ஒயினும் புள்ளி ஏரியும் மதியத்தில் பார்த்தாலும் கெட்டுப்போகாதவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, எதற்குக் காலையைக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டால் திட்டம் தானாக அமையும்.

இரண்டு பாலை மையங்கள்: ஒன்றுதான் முடியும் என்றால்?

முதலில் ஒரு திருத்தம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் இதை ‘கனடாவின் ஒரே பாலைவனம்’ என்றும், மெக்சிகோவிலிருந்து நீளும் சொனோரா பாலைவனத்தின் வடக்கு முனை என்றும் சொல்லும். இரண்டும் விளம்பரம். ஆண்டுக்கு 300 மி.மீ.க்குச் சற்றுமேல் மழை பெய்யும் அரைவறட்சிப் புதர்நிலம் இது. மணல்மேடுகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். நம் திணைக் கணக்கில் வரும் ‘பாலை’ என்ற சொல், ‘பாலைவன’த்தைவிட இதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஒசூயூஸ் டெசர்ட் சென்டர் ஊருக்கு வடக்கே, 97ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளே இருக்கிறது. 67 ஏக்கர். தரையிலிருந்து உயர்த்திப் போட்ட மரப்பலகைப் பாதை 1.5 கி.மீ. வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். பலகை போட்டது நடப்பவரின் வசதிக்காக மட்டும் அல்ல. இங்கே மண்ணின் மேல் பாசியும் லைக்கனும் (பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் உயிர்) சேர்ந்து மெல்லிய தோல்போலப் படர்ந்திருக்கும். ஈரத்தைக் காப்பதும் மண் பறக்காமல் பிடிப்பதும் அந்தத் தோல்தான். ஒரு முறை மிதித்தால் உடைந்துவிடும், திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். வழிகாட்டியோடு நடந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். தனியாகப் போனால் அரை மணியில் முடித்துவிட்டு ‘வெறும் முட்புதர்’ என்று சொல்லிக்கொண்டு வெளியே வருபவர்கள்தான் அதிகம். ஆகவே வழிகாட்டி நடையின் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு, நாளின் முதல் நடையில் சேருங்கள். நிழல் அநேகமாக இல்லை. தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும்.

இன்கமீப் டெசர்ட் கல்ச்சுரல் சென்டர் ஏரியின் கிழக்குக் கரைக்கு மேலே, ஒசூயூஸ் இந்தியன் பேண்ட் என்னும் சில்க்ஸ் பூர்வகுடியினரின் நிலத்தில் இருக்கிறது. 2006இல் திறந்தது. கட்டடமே பார்க்க வேண்டியது: உள்ளூர் மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய சுவர், 80 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் உயரம், 60 செ.மீ. தடிமன். அடுக்குகளின் நிறம் மாறி மாறி வருவது மலைச்சரிவின் வெட்டுமுகம்போலவே இருக்கும். உள்ளே குளுகுளு காட்சிக்கூடம், வெளியே தரைவழிப் பாதைகள், பாதையோரத்தில் மரபுமுறையில் திரும்பக் கட்டிய குழிவீடு, வியர்வைக் குடில் (சடங்குக்காக நீராவியில் வியர்க்கும் இடம்). கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விட்டு ஆய்வு செய்யும் பணியும் இங்கே நடந்துவருகிறது.

முதல் முறை வருபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள், ஒன்றுதான் முடியும் என்பவர்கள் இன்கமீப்புக்குப் போவதே சரி. பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட்டாலும் உள்ளே பார்க்க விஷயம் இருக்கிறது. டெசர்ட் சென்டரில் வெயில் ஏறினால் அன்றைய நடை அத்தோடு போயிற்று. ஆனால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வந்தால் தீர்ப்பு மாறும். ஆன்ட்டிலோப் பிரஷ் புதர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும் அந்தச் சில வாரங்களில் டெசர்ட் சென்டருக்கு ஈடில்லை. இரண்டுமே கோடையை நம்பி நடப்பவை. அக்டோபர் நெருங்கினால் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இன்கமீப் பாதைகளில் செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள். சீறியபடி வாலை அதிர்த்துப் பயமுறுத்துவது பல நேரம் விஷமில்லாத கோஃபர் பாம்பாக இருக்கும், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை நமக்கில்லை. கிலுகிலுப்பைப் பாம்பு சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர், அடிப்பது குற்றம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 911ஐ அழையுங்கள். மருத்துவமனை 20 கி.மீ. வடக்கே ஆலிவர் ஊரில்.

ஏரி: எந்தக் கரை?

கனடாவின் மிகச் சூடான நன்னீர் ஏரி என்று ஒசூயூஸ் ஏரியைச் சொல்வார்கள். கோடை உச்சத்தில் மேல்நீர் 24 டிகிரி வரை வரும். மே மாதத்தில் அதே ஏரி குளிரில் பல்லைக் கிட்ட வைக்கும். குளிக்க வருபவர்கள் ஜூன் கடைசிக்கு முன் வந்து பயனில்லை.

ஊர் நடுவில் உள்ள கைரோ கடற்கரைக்கு (கடலில்லைதான், ஆனால் அப்படித்தான் சொல்ல வருகிறது) கடைத்தெருவிலிருந்தே நடந்து போகலாம். சாப்பாடும் ஐஸ்கிரீமும் பக்கத்திலேயே. குழந்தைகளுக்கு இது போதும். கோடை வாரக்கடைசியில் பத்து மணிக்குமேல் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும் என்பதுதான் குறை.

தெற்கே ஸ்வீயூஸ் மாகாணப் பூங்கா, பழைய பெயர் ஹெய்ன்ஸ் பாயின்ட். ஏரிக்குள் நீளும் ஒல்லியான மணல்திட்டு அது. இரு பக்கமும் தண்ணீர். நீர் குறுகும் இடம் என்ற பொருளில் வந்த இந்தச் சில்க்ஸ் சொல்தான், முன்னால் ஓர் ‘ஒ’ ஒட்டிக்கொண்டு, ஊர்ப் பெயராயிற்று. கூடார இடங்கள் 41தான். ஜூலை, ஆகஸ்டுக்கு முன்பதிவு திறந்த உடனே எடுக்காவிட்டால் கிடைக்காது. பகலில் மட்டும் வந்து போவோர் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

நின்று துடுப்பு போடும் பலகைக்கும் கயாக்குக்கும் ஸ்வீயூஸே மேல், அதுவும் காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள். பாலை மையங்கள் அதற்குள் திறப்பதில்லை என்பதால் இரண்டையும் ஒரே காலையில் அடக்கலாம். மதியம் காற்று எழும். மோட்டார் படகுகளின் அலையும் சேர்ந்துகொள்ளும். காற்றடைத்த பலகையில் படுத்தபடி மிதப்பவர்கள் கரையை விட்டு நகர்வதே தெரியாமல் தூரம் போய்விடுவது இங்கே வழக்கமான விபத்து. உயிர்காப்பு அங்கியும் ஊதலும் பலகையில் இருக்க வேண்டும். கனடாவில் இது சட்டம். தெற்கே ரொம்பத் தூரம் போனால் அமெரிக்க நீருக்குள் நுழைந்துவிடுவீர்கள். சொந்தப் படகைக் காரில் கொண்டுவந்தால் சாலையோரச் சோதனைச் சாவடி திறந்திருக்கும்போது நின்றே ஆக வேண்டும். ஸீப்ரா மசல் எனும் சிப்பி ஏரிக்குள் வராமலிருக்க இந்த ஏற்பாடு. ஏரியில் மில்ஃபாயில் என்ற நீர்க்களையும் உண்டு. காலில் சுற்றினால் அருவருப்பே தவிர ஆபத்தில்லை.

புள்ளி ஏரியும் மலைக்காட்சியும்

இது சீக்கிரம் முடியும் ஒப்பீடு. ஊருக்கு மேற்கே 9 கி.மீ.இல், மூன்றாம் எண் சாலையோரம், புள்ளி ஏரி. மெக்னீசியம் சல்பேட் உள்ளிட்ட உப்புகள் செறிந்த இந்த ஏரியில் கோடையில் நீர் வற்ற வற்ற வட்டம் வட்டமாகக் குட்டைகள் பிரிந்து தெரியும். வசந்தத்தில் அது சாதாரணக் குளம். ஜூலை நடுவுக்குப் பிறகு வாருங்கள். சில்க்ஸ் மக்களுக்குப் புனிதமான இந்த ஏரியை 2001இல் பூர்வகுடிகள் விலைகொடுத்து மீட்டார்கள். வேலி தாண்டக் கூடாது, சாலையிலிருந்தே பார்க்க வேண்டும். போன் காமிராவில் புள்ளிகள் பொடியாகத்தான் விழும். ஜூம் லென்ஸோ பைனாகுலரோ உதவும்.

கிழக்கே அனார்க்கிஸ்ட் மலையில் கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் ஏரி, ஊர், எல்லை மூன்றும் காலடியில். வான்கூவரிலிருந்து வருபவர்கள் புள்ளி ஏரியைக் கடந்துதான் ஊருக்குள் வருவார்கள், அதனால் மாலையில் மலையேறினால் போதும். கால்கரி பக்கமிருந்து மூன்றாம் எண் சாலையில் வருபவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

ஒயின்: ஊருக்குள்ளா, ஆலிவருக்கா?

நடந்தே முடிக்க விரும்பினால் இன்கமீப் செல்லர்ஸ். வட அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான முதல் ஒயின் ஆலை, 2002இல் திறந்தது, பாலை மையத்துக்கு அடுத்த வாசல். மையம் முடித்து, கார் எடுக்காமல் இங்கே வருவதுதான் ஊரிலேயே சுலபமான இணைப்பு. வழக்கமான மெர்லோ, சிரா திராட்சை வகைகளுக்கு அப்பால் டன்னாட், டூரிகா நசியோனால் போன்றவற்றைச் சுவைக்க மூன் கர்சர் ஆலை. நிலா வெளிச்சத்தால் எல்லையில் மாட்டிக்கொண்ட தங்கக் கடத்தல்காரர்கள் நிலாவைச் சபித்ததுதான் இந்தப் பெயர்.

ஆலிவர் பக்கம் போனால் தேர்வு பெரிது. கிழக்குச் சரிவான பிளாக் சேஜ் பெஞ்ச் ஆழமான மணல். மாலை வெயில் முழுதும் அதன்மேல் விழும். கனத்த சிவப்பு ஒயின் வேண்டுவோர் அங்கே போகலாம். மேற்குச் சரிவான கோல்டன் மைல் பெஞ்சில் காலை வெயிலும் சீக்கிர நிழலும். ஒயினில் புளிப்பு சற்று நிற்கும். 2015இல் மாகாணத்தின் முதல் துணைப் புவிசார் பெயர் (ஒயின் எந்தச் சிறு வட்டாரத்தது என்று காட்டும் சட்டப் பெயர்) இதற்குத்தான் கிடைத்தது. ஒரு நாளில் இரண்டு சரிவுக்கும் ஓடாமல் ஒன்றில் நில்லுங்கள். இந்தத் தோட்டங்களில் பலவும் ஆன்ட்டிலோப் பிரஷ் வளர்ந்த நிலத்தை உழுது வந்தவை என்பதும் காலையில் பார்த்த புதர்களோடு சேர்ந்து நினைவில் வரும்.

அளவுக் கணக்கு: ஓர் ஆலையில் 30 மி.லி. வீதம் ஐந்து வகை என்றால் 150 மி.லி. இங்குள்ள சிவப்பு ஒயின் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டியது. மூன்று ஆலைக்கு மூன்றரைக்கும் மேல் ‘டிரிங்க்’ (கனடாவில் மதுவைக் கணக்கிடும் நிலையான அளவு) ஆகிவிடும். இந்த மாகாணத்தில் இரத்த ஆல்கஹால் 0.05 சதவீதம் இருந்தாலே சாலையோரத்தில் உரிமம் பிடுங்கப்படும். துப்பும் கிண்ணம் கேட்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். அல்லது ஓட்டுநர் குடிக்காமலிருக்க வேண்டும். வாங்கிய புட்டியை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கார்க் மேலெழும்பி ஒயின் வெந்துபோகும். குளிர்ப்பெட்டி எடுத்துச் செல்லுங்கள்.

2024 ஜனவரிக் கடுங்குளிரில் கொடிகள் பெருமளவு கருகியதால், அந்த ஆண்டு விளைச்சலுக்கு வெளியூர்த் திராட்சையில் ஒயின் செய்ய அரசு இடம் கொடுத்தது. உள்ளூர்த் திராட்சைதான் வேண்டும் என்பவர்கள் 2024 என்று போட்ட புட்டியில் ‘பி.சி. வி.கியூ.ஏ.’ முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

எந்த மாதம்

குளியலுக்கு ஜூலை, பூவுக்கு மே, ஒயினுக்கு செப்டம்பர். ஜூலை இறுதியும் ஆகஸ்டும் காட்டுத்தீக் காலம். 2023 ஜூலை கடைசியில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தீயால் ஊரின் ஒரு பகுதியே காலிசெய்யப்பட்டது. புகை மூடும் நாளில் மலைக்காட்சியையும் படகையும் விட்டுவிட்டு இன்கமீப் காட்சிக்கூடத்துக்கும் செல்லர்ஸுக்கும் போங்கள். செப்டம்பர் நடுவில் வந்தால் ஏரி இன்னும் குளிக்கும்படியே இருக்கும், சாலையோரப் பழக்கடைகளில் ஆப்பிள் வந்திருக்கும், காலைப்பொழுதுக்கான போட்டியும் தணிந்திருக்கும்.