எஸ்.பி. ரோட்டில் வாங்கின கார்டு ரீடர்: ஏழு மாசத்துக்குப் பிறகு எழுதுறேன்

எங்க வீட்டுல கேமரா பிடிக்கிறது அவர், படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல காப்பி போடுறது நான். பெங்களூர் அல்சூர் பக்கம் மர்ஃபி டவுன்ல வீட்டு முன்னறைதான் எங்க ஸ்டூடியோ. ரிசப்ஷன் முடிஞ்சு வர பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிடும். வாசல்ல செருப்பைக் கழற்றும்போதே கேமராவோட மெமரி கார்டு டப்பாவை என் கையில கொடுத்துடுவார். தண்ணி, சாப்பாடு எல்லாம் அதுக்கப்புறம்தான். விடியக்காலை நாலு மணிக்கு முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது அதே கார்டுகள் காலியா வேணும். இடையில 64 ஜி.பி. கார்டு நாலையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சரிபார்த்து, இன்னொரு டிஸ்க்குக்கும் போட்டுடணும். அது முடியுற வரைக்கும் அந்தக் கல்யாணம் தபால்தலை அளவு பிளாஸ்டிக் துண்டுல மட்டும்தான் இருக்கு. கார்டைச் சொருகிக் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஒரு கார்டு ரீடரைப் பத்தி இவ்வளவு நீளமா எழுதுறதுக்குக் காரணம் அதுதான்.

முதல்ல கேமராவோட வந்த வயரைச் சொருகியே ஏத்திட்டிருந்தோம். எங்க பழைய கேமராவில் இருந்தது யு.எஸ்.பி. 2.0. ஏட்டளவுல நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்.பி., கைக்கு வர்றது 30, 35 எம்.பி. ஒரு கார்டு நிறைஞ்சிருந்தா அரை மணிக்கு மேல ஓடும். அவ்வளவு நேரமும் கேமரா ஆன்லயே இருக்கணும், காலையில வேண்டிய பேட்டரி இங்கேயே இறங்கும். வயர்ல யார் காலாவது தடுக்கினா கேமராவும் போகும்.

அடுத்து 150 ரூபாய்க்கு ஒரு ரீடர் வாங்கினோம். ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தது. அப்புறம் கார்டு போடுற வாய் லூஸாச்சு, விரலால அழுத்திப் பிடிச்சாத்தான் படிக்கும். ஒரு வளைகாப்பு அன்னைக்கு ராத்திரி, பாதிக் காப்பியில நின்னுபோய், டிரைவை ஃபார்மேட் செய்யணும்னு, அதாவது மொத்தத்தையும் அழிச்சுப் புதுசாக்கணும்னு, திரையில வந்தது. எனக்குக் கை நடுங்கிடுச்சு. எதையும் அழுத்தாம கார்டை எடுத்துத் தனியா வச்சுட்டேன். நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். கார்டு மேல புதுசா எதுவும் எழுதப்படாத வரைக்கும் உள்ளே இருக்கிறது அப்படியேதான் இருக்கும். மறுநாள் ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள்ல தேடினோம். படம் ஏறக்குறைய எல்லாமே வந்தது. ஆனா ஃபைல் பேர் ஒண்ணும் மிஞ்சலை. எடுத்த நேரத்தை வச்சு அடுக்கலாம்னா ரெண்டாவது கேமராவுல கடிகாரத்தையே சரியா வைக்கலை. கடைசியில அந்தப் பொண்ணோட கையில ஏறிட்டே போற வளையலை எண்ணி எண்ணித்தான் ரெண்டு கேமராப் படத்தையும் ஒண்ணா அடுக்கினேன். மூணு, அஞ்சு, ஏழு, அப்புறம் எண்ணவே முடியாத அளவுக்குப் பச்சையும் சிவப்பும்.

ரெண்டு வீடியோ மட்டும் திறக்கவே இல்லை. ஒண்ணு, அந்தப் பொண்ணோட பாட்டி பாடினது. வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னோம். பாட்டி இன்னொரு நாள் உட்கார்ந்து பாடிக் கொடுத்தாங்க. நல்லாவே பாடினாங்க. ஆனா அன்னைக்குச் சுத்தி நின்ன பொம்பளைங்க கைதட்டினது அதுல இல்லை.

அந்த வாரமே ஹலசூரு ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்ல மாறி, கே.ஆர். மார்க்கெட்ல இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். பையில எங்க லேப்டாப்பும், பழைய படம் நிறைஞ்ச ரெண்டு கார்டும். மூணு கடையில டப்பாவைப் பிரிக்கவே மாட்டோம்னுட்டாங்க. நாலாவது, ஒரு சந்துக்குள்ள, ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் வெளியில நிக்கணும், அவ்வளவு சின்னக் கடை. "ஏன் பேகு மேடம்?"னு கன்னடத்துல ஆரம்பிச்சவர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிட்டார். முதல்ல என் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு கார்டுல பின்பக்கம் தங்க நிறக் கால்கள் ஒரே வரிசை. இன்னொண்ணுல அதுக்குக் கீழே இன்னொரு வரிசை, அது வேகத்துக்காக. "ரெண்டு வரிசைக்குத் தகுந்த ரீடர்னாத்தான் இந்தக் கார்டுக்கு நீங்க கொடுத்த காசு வீணாகாது"ன்னார். டார்ச் அடிச்சு ரீடரோட வாய்க்குள்ளயும் காட்டினார். உள்ளேயும் ரெண்டு வரிசை இருந்தது. டப்பாவைப் பிரிச்சு என் லேப்டாப்லயே சொருகிக் காப்பி ஓடுறதைப் பார்க்க விட்டார். 2,100 சொன்னார், 1,850-க்குக் கொடுத்தார், பில்லும் போட்டார். எஸ்.பி. ரோட்ல பில் கேட்டு வாங்குங்க. பில் இல்லாம வாரன்ட்டி பேச முடியாது.

ரீடர் அலுமினிய உடம்பு, கையில எடுத்தா கனம் தெரியும். பெரிய எஸ்.டி. கார்டுக்கு ஒரு வாய், சின்ன மைக்ரோ எஸ்.டி. கார்டுக்கு ஒரு வாய். வயர் தனியாக் கழண்டு வரும், அது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய ரீடர்ல வயர் ஒட்டினபடியே இருந்ததால, வயர் வேர்ல விட்டுப்போனதும் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதாச்சு.

முதல் நாள் வீட்டுல சொருகினப்போ நொடிக்கு 38 எம்.பி.க்கு மேல ஏறவே இல்லை. ஏமாந்துட்டோமோன்னு கடைக்காரருக்கே போன் போட்டேன். "முன்னாடி கறுப்புல சொருகியிருப்பீங்க. பின்னாடி நீலக் கலர் இருக்கும், அதுல சொருகுங்க"ன்னார். சொருகினேன், 88-க்குப் போச்சு. எங்க கம்ப்யூட்டர்ல முன்பக்கம் இருக்கிறது பழைய யு.எஸ்.பி. 2.0, இத்தனை வருஷமா எனக்கு அது தெரியலை. இப்போ ஒற்றை வரிசைக் கார்டு 64 ஜி.பி. பன்னிரண்டு நிமிஷத்துல இறங்குது. ரெட்டை வரிசைக் கார்டு அஞ்சு நிமிஷம்தான், ஆனா எஸ்.எஸ்.டி.ங்கிற சுத்தாத, வேகமான டிஸ்க்குக்குப் போட்டா மட்டும். சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கு நேரா அனுப்பினா அந்த டிஸ்க்கே 120-ல திணறி நிக்கும், ரீடரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கார்டு மேல 170, 200னு அச்சடிச்சிருக்கே, எனக்கு ஏன் 90தான் வருதுன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. ஒற்றை வரிசைக் கார்டுக்கு, அதாவது யு.ஹெச்.எஸ்-1 வகைக்கு, வரையறையில இருக்கிற உச்சமே 104 எம்.பி. அதுக்கு மேல அச்சடிக்கிற வேகம் அந்தந்தக் கம்பெனியோட தனி வழி, அதுக்குன்னு இருக்கிற ரீடர்ல போட்டாத்தான் வரும். அதே மாதிரி கார்டு மேல வி30ன்னு போட்டிருக்கிறது கார்டுல எழுதுற வேகத்துக்கான உத்தரவாதம். காப்பி எடுக்கிற வேகத்தை அது சொல்லாது.

குறைன்னா, பக்கத்துல பக்கத்துல ரெண்டு கார்டு ஓடினா உடம்பு நல்லாவே சுடுது. அலுமினியம் சூட்டை வெளியில தள்ளுறதால அப்படி இருக்கலாம், ஆனாலும் நான் அதைப் புத்தகத்து மேல வைக்காம வெறும் மேசையிலதான் வைக்கிறேன். மைக்ரோ கார்டு பாதிக்கு மேல உள்ளே போயிடுது, நகம் இல்லாதவங்களுக்கு எடுக்கக் கஷ்டம். வயர் ஒரு ஜாணுக்கு மேல இல்லை. பின்னாடி நீல போர்ட்ல சொருகினா ரீடர் காத்துல தொங்கும், நான் நீள வயர் ஒண்ணு தனியா வாங்கிட்டேன். விளக்கு அடிப்பக்கத்துல வச்சிருக்காங்க, ஓடுதா நின்னுடுச்சான்னு பார்க்கக் குனிய வேண்டியிருக்கு.

எஸ்.டி. கார்டோட பக்கவாட்டுல ஒரு சின்ன லாக் இருக்கும். அது வெறும் பிளாஸ்டிக் நகர்வு, அதை மதிக்கிறதும் மதிக்காததும் ரீடர் கையில. இந்த ரீடர் மதிக்குது. லாக்கைத் தள்ளிட்டு வேணும்னே ஒரு ஃபைலை அழிச்சுப் பார்த்தேன், முடியாதுன்னுடுச்சு. இப்போ டப்பாவிலிருந்து எடுத்ததும் முதல் வேலை எல்லாக் கார்டுக்கும் லாக். அப்புறம் கார்டுல இருக்கிற மொத்தத்தையும் அப்படியே காப்பி, கட் பண்ணி நகர்த்துறது கிடையாது. படங்கள் இருக்கிற டி.சி.ஐ.எம். ஃபோல்டரை மட்டும் எடுத்தாப் போதும்னு நானும் முன்னாடி நினைச்சுட்டிருந்தேன். எங்க சோனி கேமராவில் வீடியோ அந்த ஃபோல்டர்லயே இருக்காது, பிரைவேட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எம்4ரூட், அதுக்குள்ள கிளிப்னு போகும். ஒரு தடவை தாலி கட்டின வீடியோவையே விட்டுட்டு ஃபார்மேட்டுக்குக் கொடுக்கப் போயிட்டேன், அவர்தான் "வீடியோ எங்கே?"ன்னு கேட்டார். அன்னையிலிருந்து ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பேன், கடைசி வீடியோவைத் திறந்து ஓட விடுவேன், ரெண்டாவது டிஸ்க்குக்கும் போனதுக்கப்புறம்தான் கார்டு அவர் கைக்குப் போகும். ஃபார்மேட் கேமராவுக்குள்ளதான், கம்ப்யூட்டர்ல ஒருநாளும் இல்லை.

இந்த ஏழு மாசத்துல ஒரு தடவைகூட நடுவுல விட்டுப்போகலை. இது வேகத்தைவிட முக்கியம்.

போன மாசம் மேல் வீட்டு அக்கா ஒரு பழைய டிஜிட்டல் கேமராவைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. 2007-ல வாங்கினதாம். சார்ஜர் இல்லை, வயர் இல்லை. "இதுல எங்கப்பா இருக்கார், கண்ணு. எடுக்க முடியுமா பாரேன்"னாங்க. அவங்க அப்பா கோலார் தங்கவயல்ல, சாம்பியன் ரீஃப் பக்கம் வேலை பார்த்தவர். 2001-ல சுரங்கத்தை மூடுற வரைக்கும் உள்ளே இறங்கினவர், இப்போ இல்லை. கேமராவிலிருந்து கார்டை வெளியே எடுத்தேன், 1 ஜி.பி. லாக்கைத் தள்ளிட்டு ரீடர்ல போட்டேன். எஸ்.டி. கார்டுல இது ஒரு வசதி, புது ரீடர் பழைய கார்டை ஒதுக்காது. ஒரே நொடியில திறந்தது. எம்.வி.ஐ.னு பேர் தொடங்குற ஏ.வி.ஐ. வீடியோ ஃபைல் ஆறு இருந்தது.

முதல்ல காப்பியைப் போட்டுட்டு, காப்பியிலிருந்துதான் ஓட விட்டேன். லைன் வீட்டுத் திண்ணையில முண்டா பனியனோட ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கார். பின்னாடி, தங்கம் பிரிச்செடுத்த கழிவு மண் குவிஞ்சு வெளுத்துப்போன சயனைடு மேடு. கேமராவைப் பார்த்து, "போட்டோவா? அசையாம இருக்கணுமா?"ன்னு கேட்டுட்டு அப்படியே விறைப்பா உட்கார்ந்துக்கிறார். "வீடியோப்பா, பேசு"ன்னு அக்காவோட குரல், இப்போ இருக்கிறதைவிட இளசா. நாற்பது நொடி. அக்கா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து அதை நாலு தடவை போடச் சொன்னாங்க.

ரெண்டு பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தேன், எங்க டிஸ்க்லயும் ஒண்ணு வச்சிருக்கேன். கார்டை என்ன பண்ணணும்னு கேட்டேன். "அவர் இருந்த இடத்துலயே இருக்கட்டும், கேமராவுக்குள்ளயே போட்டுடு"ன்னாங்க. லாக்கைத் தள்ளினபடியே போட்டுக் கொடுத்தேன்.