மெமரி ஃப்ளாஷா, சூட்டு ஃப்ளாஷா: பாலக்கோட்டில் ஒரு பி.எச்டி. பஞ்சாயத்து

அக்கா மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். சேர்வதற்கு இரண்டு இடம் கையில் இருந்தது. ஒரு கைடு ஃப்ளாஷ் மெமரியில் வேலை செய்பவர். இன்னொருவர் ஃப்ளாஷ் முறையில் கரியைச் சுட்டு, ஓர் அணு கனமுள்ள கார்பன் தாளான கிராஃபீன் எடுப்பவர். "ரெண்டும் ஃப்ளாஷ்தானே மாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று மே மாதம் பாலக்கோட்டில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள். மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, "எது சீக்கிரம் முடியுமோ அதைச் சொல்லுடா" என்றாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சி செய்தது சிலிக்கான் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பதில். மெமரிக்குப் பங்காளி மாதிரி. அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். ஈப்ராம் என்ற பழைய மெமரி சிப்பில் எழுதியதை அழிக்க, அதன் கண்ணாடி ஜன்னல் வழியே புற ஊதா விளக்கை இருபது நிமிடம் காட்ட வேண்டும். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா செய்த சிப்பில் பெரிய பகுதியை ஒரே அடியில் மின்சாரத்தால் அழிக்க முடிந்தது. கூட வேலை செய்த ஷோஜி அரிஇசுமி, இது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று சொல்ல, அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1984-ல் நார் வகை, 1987-ல் நாண்ட் வகை. இன்று உங்கள் போனிலும் பென்டிரைவிலும் இருப்பது நாண்ட். ஆக, மெமரியில் ஃப்ளாஷ் என்பது வெறும் உவமை. சூட்டு ஃப்ளாஷில் நிஜமாகவே வெளிச்சம் வரும், வெல்டிங் கண்ணாடி போடாமல் பார்க்கக் கூடாது.

வேதியியலில் இன்னும் சில ஃப்ளாஷ்கள் உண்டு. கலவையில் இருப்பதைத் தனித்தனியாகப் பிரிக்க 1978-ல் கிளார்க் ஸ்டில் குழு வெளியிட்ட ஃப்ளாஷ் குரோமடோகிராஃபி இன்று எல்லா ஆர்கானிக் லேபிலும் பாத்திரம் கழுவுவது மாதிரி தினசரி வேலை. அதிலேயே பி.எச்டி. செய்ய மிச்சம் அதிகம் இல்லை. பளிச்சென்ற ஒளியால் மூலக்கூறை உடைத்து வேகமான வினைகளைப் பார்க்க நாரிஷும் போர்ட்டரும் 1949-ல் ஆரம்பித்த ஃப்ளாஷ் ஃபோட்டாலிசிஸ் 1967-ல் ஐகனோடு சேர்த்து நோபல் வாங்கித் தந்தது. இன்றைக்கு நல்ல லேசர் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. கியோட்டோவில் ஜுன்-இச்சி யோஷிதா வளர்த்த ஃப்ளாஷ் கெமிஸ்ட்ரி அழகான வேலை: மயிரிழைக் குழாய்களில் இரண்டு திரவங்களை மோதவிட்டு, உருவாகும் இடைப்பொருள் சிதைவதற்குள் அடுத்த ரசாயனத்தைச் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் ஒரு நொடிக்குள், சில வினைகளில் மில்லி விநாடிக்குள். ஆனால் அதில் புழங்கும் பியூட்டைல் லித்தியம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் சாமான். இவளுக்கு அந்த வாய்ப்பு வரவும் இல்லை, விட்டுவிடுவோம்.

சரி, சூட்டு ஃப்ளாஷ். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2020-ல் நேச்சர் இதழில் எழுதிய பிறகு இது பரவியது. கரித்தூளைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, இரண்டு பக்கமும் மின்முனை வைத்து, மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே மூச்சில் அதற்குள் கொட்டுவார்கள். நூறு மில்லி விநாடிக்குள் 3000 கெல்வின் வரை ஏறி, அப்படியே இறங்கும். நிலக்கரி, கழிவு டயர், பிளாஸ்டிக், மீந்த சோறு என்று கார்பன் இருக்கிற எதுவானாலும் கிராஃபீன் ஆகும். ஒரு கிராமுக்கு 7.2 கிலோஜூல் என்பது அவர்கள் கணக்கு. கிலோவுக்கு இரண்டு யூனிட், அதாவது ஒரு சீலிங் ஃபேன் ஒரு நாள் ஓடுவதற்கான கரண்ட். அரைப்பதும் கரியாக்குவதும் தனிச் செலவு, அதை மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன வருடம் ஒரு லேபில் இதை நேரில் பார்த்தேன். சுண்டுவிரல் மொத்தத்தில் குழாய், உள்ளே ஒரு சிட்டிகைக் கரி. ஸ்காலர் பையன் பட்டனை அழுத்தினான். 'டப்' என்று ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கிற வெள்ளை, அது மஞ்சளாகிச் சிவப்பாகி அணைந்தது. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் அவன் செய்ததுதான். இடது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, வலது கையில் மட்டும் நீளமான இன்சுலேட்டட் கம்பியை எடுத்து மின்தேக்கியைத் தொட்டு டிஸ்சார்ஜ் செய்தான். இரண்டு கையும் வெளியே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகலாம். 60 மில்லிஃபாரட் மின்தேக்கியை 400 வோல்ட்டுக்கு ஏற்றினால் 4,800 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரே அதிகம் போனால் 360 ஜூல்தான். இரண்டாவது சுடுதலில் குழாய் வெடித்தது. கரி சரியாகக் காயவில்லையாம், உள்ளே இருந்த ஈரமும் வாயுவும் வெளியேற வழி தேடிக்கொண்டன. தடுப்புக் கண்ணாடி இருந்ததால் பிழைத்தோம்.

சுடுவது ஒரு நொடி. அதற்கப்புறம்தான் காத்திருப்பு. வந்த கறுப்புத்தூள் கிராஃபீன்தான் என்று யார் சொல்வது? லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில் 2700 செ.மீ.⁻¹ பக்கத்தில் 2டி என்ற சிகரம் கூர்மையாக எழ வேண்டும். எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி எடுக்க வேண்டும், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வேண்டும். இந்த முறையில் வரும் அடுக்குகள் கலைத்துப்போட்ட வாழையிலைக் கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பிக் கிடக்கும், அதனால் பிரிப்பது சுலபம். அந்தத் திரும்பலுக்கும் ராமனில் தனி அடையாளம் உண்டு. இந்தக் கருவியெல்லாம் சின்ன ஊர்க் கல்லூரியில் இருக்காது. சாம்பிளைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் மெயில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. நம் பக்கம் கழிவுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளில் மாங்கொட்டை மலையாகக் கிடக்கும், புளியங்கொட்டை, நிலக்கடலைத் தோல், கொட்டாங்குச்சி எல்லாம் கேட்ட விலைக்குக் கிடைக்கும். உடனே மாங்கொட்டைக் கிராஃபீன் என்று ஒரு பேப்பர், கடலைத்தோல் கிராஃபீன் என்று இன்னொன்று. கொட்டை மாறும், படம் மாறாது. இதற்கு ஐந்து வருடம் எதற்கு? அதே டூர் குழு 2022-ல், நிலக்கரிச் சாம்பலை இப்படிச் சுட்டால் அதில் சிக்கியிருக்கும் அருமண் தனிமங்களை நீர்த்த அமிலத்திலேயே கூடுதலாகக் கரைத்தெடுக்கலாம் என்று காட்டியது. அது கேள்வி. பென்னாகரம் தாண்டினால் மேட்டூர், அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே இருக்கிறது.

இப்போது என் கட்சி. ஒரு மெமரி செல் என்பது எலக்ட்ரான்களுக்குக் கட்டிய ஜெயில். கீழே சிலிக்கான், நடுவில் 7, 8 நானோமீட்டர் ஆக்சைடுச் சுவர், மேலே நாலு பக்கமும் அடைத்த அறை. இந்த யோசனையை 1967-ல் பெல் லேப்ஸில் டாவோன் காங்கும் சைமன் சீயும் சொன்னார்கள். 20 வோல்ட் அளவில் தள்ளினால் எலக்ட்ரான்கள் சுவரைத் தாண்டிக் குதிக்காது, ஊடுருவி உள்ளே போகும். உள்ளே இருக்கும் எண்ணிக்கையை வைத்து 0, 1 என்று படிக்கிறோம். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவர் கொஞ்சம் அரிக்கும். ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்றால் லட்சம் முறை தாங்கும். நாலு பிட் திணித்தால் பதினாறு மட்டங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும், ஆயுள் ஆயிரம் முறை என்ற அளவுக்கு வந்துவிடும். தரையில் இடம் போதாமல் 2013-ல் சாம்சங் 24 அடுக்கு மாடி கட்டியது, இன்று 200-ஐத் தாண்டிவிட்டது.

இங்கேதான் மாணவருக்குச் சங்கடம். ஆலை 200 மாடி கட்டுகிறது, நீங்கள் தூசி வடிகட்டிய கிளீன்ரூமில் ஒரே ஒரு மின்தேக்கி செய்து அளந்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கிளீன்ரூமும் சொந்தமாக இருக்காது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் உள்ள நானோ மையங்களை வெளி ஆட்களும் பயன்படுத்த ஐ.என்.யு.பி. என்ற திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் கருவிக்கு ஸ்லாட் வரும்வரை காத்திருக்க வேண்டும். தர்மபுரிக்காரர்கள் ஓசூர் வழியாக ரயிலில் போகலாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரயிலே இல்லை, பஸ்தான். நான் படித்த காலத்தில் ஒருமுறை உலையில் வெப்பநிலை தப்பி ஒரு தட்டுச் சில்லு முழுக்கப் போனது. அடுத்த ஸ்லாட் ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரத்தை இன்னும் மறக்கவில்லை.

எடுக்கத் தகுந்த கேள்விகள் இல்லாமல் இல்லை. ஹாஃப்னியம் ஆக்சைடில் ஃபெர்ரோஎலக்ட்ரிக் குணம், அதாவது வோல்ட்டை எடுத்த பிறகும் திரும்பிய திசையை நினைவில் வைக்கும் குணம், உண்டு என்று 2011-ல் வெளியானதிலிருந்து அந்தப் பக்கம் ஒரு கூட்டமே வேலை செய்கிறது. ஆனால் நான் அவளிடம் அழுத்திச் சொன்னது வேறு: சிப்பைச் செய்யாதே, கடையில் வாங்கிச் சாகடி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாண்ட் சிப்பை வாங்கி, சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஆயிரம் முறை எழுதி அழித்து, தரவை நிரப்பி, மின்சார ஓவனில் வைத்துச் சுட வேண்டும். ஜெயிலில் இருந்து எலக்ட்ரான் தப்புவது சூட்டில் வேகமாகும். சூடு ஏறினால் வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில், தாண்ட வேண்டிய ஆற்றல் தடையாக வழக்கமாகப் போடும் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஒரு வருடத்தில் நடக்கும் கசிவு 85 டிகிரியில் சுமார் 14 மணி நேரத்தில் நடந்துவிடும். ராத்திரி வைத்தால் காலையில் ஒரு வருடம் போயிருக்கும்! அதே கணக்கில் 40 டிகிரி போட்டால் ஒரு வருடம் என்பது மூன்று மாதமாகச் சுருங்கும். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோலும் இதையொட்டித்தான் இருக்கிறது: வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஆயுள் முழுக்கத் தேய்ந்தபிறகு, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும், சர்வரில் போடும் வகை 40 டிகிரியில் மூன்று மாதம். ஏப்ரல் மாதம் நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேஜை டிராயரில் கிடக்கும் பழைய பென்டிரைவை யோசித்துக்கொள்ளுங்கள், கல்யாண வீடியோ அதில்தான் இருக்கும். இந்த ஆராய்ச்சிக்குக் கிளீன்ரூம் வேண்டாம். கூரியர் வேண்டாம். ஓவனும் பொறுமையும் போதும், புரோகிராம் கொஞ்சம் எழுதத் தெரிய வேண்டும்.

வேலை வாய்ப்பிலும் மெமரிக்கே என் ஓட்டு. இந்தியாவில் நாண்ட் சில்லு வார்க்கும் ஆலை கிடையாது, குஜராத் சானந்தில் மைக்ரான் வைத்திருப்பது பேக்கேஜிங்கும் சோதனையும்தான். ஆனால் இந்தச் சிப்புகளை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேர் எழுதுகிற, சோதிக்கிற வேலை பெங்களூரில் நிறைய நடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் பாலக்கோடு வந்துவிடலாம். சூட்டு ஃப்ளாஷில் முடித்தவர்களுக்கு வெளிநாட்டுப் போஸ்ட்டாக், அப்புறம் கல்லூரி வேலை என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிற பாதை. பேட்டரிக் கம்பெனிகள் எடுக்கலாம். பணம் இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன்பின் 42,000. அக்கா கேட்ட 'சீக்கிரம்' இரண்டிலும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எங்கே காத்திருக்கப் போறேன்னு மட்டும் பாரு. சுடுறதுக்கு முன்னாடி காத்திருக்கணுமா, சுட்ட பிறகா?" என்றேன். அவள் ஒரு துண்டு மாம்பழம் தின்று முடிக்கும்வரை பேசவில்லை. "கம்ப்யூட்டர் முன்னாடி அஞ்சு வருஷம் உக்கார முடியாது மாமா. கையால ஏதாவது செய்யணும்" என்றாள். என் ஓவன் யோசனை அதோடு அவிந்தது.

சூட்டு ஃப்ளாஷிலேயே சேர்ந்துவிட்டாள். ஜூலையில் போனபோது அக்கா வீட்டு மொட்டை மாடியில் மூன்று சாக்கு விரித்து மாங்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. கொட்டைப் பேப்பர் எழுத மாட்டேன் என்று சொன்னாயே என்று போனில் கேட்டேன். "கொட்டைக்கு இல்ல மாமா. மேட்டூர்ச் சாம்பல்ல கரண்ட் ஓடாது, கூடக் கலக்கக் கரி வேணும்ல. கடையில வாங்குற கார்பன் பிளாக்குக்குப் பதிலா இதைப் போட்டுப் பாக்குறேன். ரெண்டு வெயில் நல்லா காயணும், இல்லேன்னா குழாய் வெடிச்சிடும்."

அக்கா கீழிருந்து கத்தினாள்: "அந்தக் கொட்டையில மொய்க்கிற ஈக்கு யாருடா ஃபெலோஷிப் குடுப்பா?"