புது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று கடைக்கு ஓடாதீர்கள்

இன்னும் கை நடுங்குகிறது. என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் படங்களுக்குப் பழைய டிஸ்க்கில் இடம் போதவில்லை. 4 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். பவர் கேபிள், டேட்டா கேபிள் இரண்டும் சரியாக இருந்தன, டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்டது. ஆனால் விண்டோஸில் சி, டி தவிர எதுவும் வரவில்லை. பயந்துபோய்ப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த பையன் மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, ஒவ்வொரு திருகாணியையும் சின்ன டப்பாவில் போட்டு வைத்தான். "கவலைப்படாதீங்க அக்கா, என் சிஸ்டம் மாதிரி பாத்துக்கறேன்" என்றான். கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, "மதர்போர்டுல சாட்டா போயிடுச்சு, போர்டையே மாத்தணும்" என்றான். சாட்டா என்றால் டிஸ்க்கின் டேட்டா கேபிளைச் செருகும் இடம். திருகாணியைக்கூட இவ்வளவு பொறுப்பாக எடுத்து வைக்கிறவன் ஏமாற்றுவானா என்று நம்பினேன். அரை மாதச் சம்பளத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பில்கூடக் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பெட்டி வந்தது. டிஸ்க் தெரிந்தது, ஆனால் 2 டிபிதான். போன் செய்தால், "கம்பெனிக்காரன் போடுற அளவு எப்பவும் முழுசா வராதுக்கா" என்றான். குறைவது உண்மைதான், 4 டிபியை விண்டோஸ் 3.63 என்று காட்டும். பாதியாகவா குறையும்? அடுத்த முறை "ஓனர் வெளியூர்". அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனேன். "வேற எங்கயோ கொடுத்து நோண்டியிருக்கீங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னான்.

நேற்று ராத்திரி தம்பி வந்து பெட்டியைத் திறந்தான். போர்டில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணும் என் பழைய பில்லில் இருந்த எண்ணும் ஒன்றே. போர்டை மாற்றவே இல்லை! புது டிஸ்க் வெறுமையாகத்தான் வருமாம். இனிஷியலைஸ் செய்து (அதாவது முதல்முறை தயார்படுத்தி) பார்ட்டிஷன் போட்டால்தான் (இடத்தைப் பகுதியாக ஒதுக்கினால்தான்) விண்டோஸில் தெரியும். அந்தப் பையன் செய்தது அதை மட்டும்தான், அதையும் எம்பிஆர் என்கிற பழைய பார்ட்டிஷன் முறையில் செய்திருக்கிறான். எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது. ஏற்றியிருந்த படங்களை வெளியே எடுத்துவிட்டு, பார்ட்டிஷனை அழித்து, தம்பி ஜிபிடி என்கிற புது முறைக்கு மாற்றினான். மாற்றும் வேலை பத்து நிமிடம்கூட இல்லை. இதற்கா அரை மாதச் சம்பளம்?

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முதலில் பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கிற அமைப்புத் திரையில்) டிஸ்க்கின் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள், அங்கே புது டிஸ்க் "அன்அலோகேட்டட்" (ஒதுக்காத இடம்) என்று கிடக்கும். இனிஷியலைஸ் செய்யும்போது ஜிபிடி தேர்ந்தெடுங்கள், பிறகு பார்ட்டிஷன் போடுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஏற்றி வைத்திருக்கிற டிஸ்க்கில் மட்டும் இனிஷியலைஸ், ஃபார்மேட் எதையும் தொடாதீர்கள். பெட்டியைக் கொடுக்கும் முன் போர்டின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். போர்டை மாற்றினேன் என்றால் பழைய போர்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.