கொல்லைப்புற விளையாட்டுக்கு 40 மி.மீ. செயற்கைப் புல்: வாங்கலாமா?

பிள்ளைகள் கால்பந்து ஆட 40 மி.மீ. (புல் இழையின் உயரம்) தாராளம். 50 மி.மீ. ரகம் இழைகளுக்கிடையே நிரப்பும் மணலையும் ரப்பர் துகளையும்தான் கூடுதலாகத் தின்னும். கிரிக்கெட் மட்டும் என்றால் இது வேண்டாம், பந்து எழும்பாது. அதற்கு 10 மி.மீ. உயர அடர்த்தியான ரகம் பாருங்கள்.

ரோல் அகலம் பெரும்பாலும் 2 மீட்டர். 20க்கு 30 அடி இடத்தில் மூன்று ரோல் விரித்தால் 10 செ.மீ. குறையும். கடைக்காரர்கள் நான்காவது ரோலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; ஓரக் கட்டையை அந்த அளவுக்கு அகலமாக்கினால் தீர்ந்தது.

காசு போக வேண்டியது அடித்தளத்துக்கு. ஆறு அங்குலம் தோண்டி, நான்கு அங்குலம் ஜல்லி, மேலே இரண்டு அங்குலம் கிரஷர் டஸ்ட் (கல் உடைத்த தூள்). ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துக் கம்பாக்டரால் (மண் இறுக்கும் இயந்திரம்) இறுக்க வேண்டும். தண்ணீர் வடிய நூறுக்கு ஒன்று வாட்டம் (சரிவு). இறுக்காமல் விட்டால் முதல் மழையிலேயே பள்ளம் விழும்.

இணைப்புகளில்தான் வேலை கெடும். ரோலை விரித்துச் சில மணி நேரம் வெயிலில் தளரவிட்டு, ஓரம் சீவி, அடியில் டேப் வைத்து, இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பசையால் ஒட்டச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் பசை வெயிலில் விட்டுவிடும். புல் சாய்வு எல்லா ரோலிலும் ஒரே திசையில் இருக்கட்டும். மாறினால் பட்டை பட்டையாகத் தெரியும்.

சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ சிலிக்கா மணல், அதாவது இந்த இடத்துக்கு 50 கிலோ மூட்டை 17. எம்-சாண்ட் கூடாது, தூசி வடிகால் துளைகளை அடைத்துவிடும். மணலும் புல்லும் காய்ந்திருக்கும்போது தூவித் துடைப்பத்தால் எதிர்ச்சாய்வில் தேய்க்க வேண்டும்.

ஒரே பெரிய குறை சூடு. மதிய வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.