எட்டு நாள் டென்மார்க் படிப்புச் சுற்றுலா: கொடுத்த காசுக்குத் தகுமா?

போன மே மாதம் எட்டு நாள் டென்மார்க் போய் வந்தேன், புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிக் கற்றுக்கொள்ள மாணவர்களை அழைத்துப் போகும் ஒரு நிறுவனம் மூலமாக. எனக்கு ஊர் எண்ணூர் காட்டுக்குப்பம், டிரிபிள் ஈ மூன்றாம் ஆண்டு. அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு வேலை, அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம், அதனால் அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் யாராவது கிளம்பினால் உதவும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பேசிய தொகை இரண்டு லட்சத்து இருபதாயிரம், எல்லாம் இதிலேயே அடக்கம் என்றார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில் பயணக் காப்பீடு தனி என்றார்கள். டென்மார்க் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம், இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? அங்கே போன பிறகு பஸ், ரயில் பாஸும் எங்கள் செலவு. ஆக மொத்தம் பதினெட்டாயிரம் கூடுதல். காற்றாலைக்குள் ஏறிப் பார்க்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள், ஆனால் பாதுகாப்புப் பயிற்சி எடுக்காத யாரையும் ஏற்ற முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஓட்டல் அறையில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு. அந்த ஸ்லைடுகளை முன்பே அனுப்பியிருந்தால் இங்கேயே படித்துவிட்டுப் போயிருப்போம். சைவம் சாப்பிடும் இரண்டு பேர் பாவம், ரொட்டியும் சீஸுமாகவே நாளை ஓட்டினார்கள்.

கோபன்ஹேகனில் இருந்தபோது ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். எதிரே கடலுக்குள் மிடில்குருண்டன் காற்றாலைகள், 20 கோபுரம், வில் மாதிரி வளைந்த ஒரே வரிசை. ஒவ்வொன்றும் 2 மெகாவாட், 2000-இல் நிறுவியது. நிறுவியபோது அதில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பங்கு வாங்கியிருந்தார்கள். பாலுக்கு, நெசவுக்கு, மீனுக்கு என்று நம்மிடம் எத்தனையோ கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, காற்றாலைக்கும் ஒன்று வைக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அப்புறம் சாம்ஸோ தீவு. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்குத் தகுந்த இடம் என்றால் அதுதான்.

கலுண்ட்போர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தீவில் 4,000 பேர்கூடக் கிடையாது. 1997-இல் டென்மார்க் அரசு வைத்த போட்டியில் ஜெயித்து, பத்தே ஆண்டில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுகிறோம் என்று இறங்கியவர்கள். நிலத்தில் 11 காற்றாலை, தலா 1 மெகாவாட். கடலில் 10, தலா 2.3 மெகாவாட். நிலத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை நிறுவியது அந்த ஊர் விவசாயிகளே. சுற்றிக் காட்டிய உள்ளூர்க்காரர் எதையும் மறைக்கவில்லை: காரும் கப்பலும் எண்ணெயில்தான் ஓடின, அந்தக் கணக்கை ஈடுகட்டத்தான் கடலில் காற்றாலை வைத்தோம், காற்று இல்லாத நாளில் கேபிள் வழியாக வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறோம், அடிக்கிற நாளில் மிச்சத்தை அனுப்புகிறோம் என்றார்.

எனக்கு மனதில் நின்றது காற்றாலைகூட இல்லை, வைக்கோல் கொதிகலன். நமக்கு ஃபேனும் ஏசியும் எப்படியோ அப்படி அவர்களுக்கு வீட்டைச் சூடாக்குவது. அறுவடை முடிந்த கோதுமை வைக்கோலைப் பெரிய பெரிய கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு கட்டே 500 கிலோ அளவுக்கு வருமாம். அது கன்வேயர் பட்டையில் மெதுவாக நகர்ந்து போய், பற்சக்கரத்தில் கிழிபட்டு, அடுப்புக்குள் விழுகிறது. அந்தச் சூட்டில் காய்கிற தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாகப் போய்த் திரும்பி வருகிறது. பின்பக்கம் தொட்டியில் சாம்பல். கையில் அள்ளிப் பார்த்தேன், லேசாக, கறுப்பும் சாம்பல் நிறமுமாக, எரியாத வைக்கோல் துண்டு ஒன்றிரண்டோடு இருந்தது. இதை என்ன செய்வீர்கள் என்று சுற்றிக் காட்டியவரிடம் கேட்டேன். வயலுக்கே திரும்பப் போகிறது, உரம் என்றார்.

சாம்பல் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் கொசஸ்தலை ஆற்றில் கால் வைத்தால் புதைகிற அனல்மின் நிலையச் சாம்பல்தான். வலையைத் தூக்கினால் இறாலுக்கு முன்னால் அதுதான் வருகிறது என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. நிலக்கரிச் சாம்பலில் பாதரசம், ஆர்சனிக் எல்லாம் இருக்கும், அதை அப்படியே வயலில் போட முடியாது, தெரியும். ஆனாலும் அந்தத் தொட்டியை விட்டு நகர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சாம்ஸோவில் எங்களுக்குக் கொடுத்தது நான்கே மணி நேரம்! மாலைக் கப்பலுக்கு ஓட வேண்டியிருந்தது. மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, ஒரு ராத்திரி தங்கியிருந்தால் அந்த விவசாயிகளிடமே உட்கார்ந்து பேசியிருக்கலாம். கடைத் தெருவுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியதைக் குறைத்தாலே போதும்.

கூட வந்த ஒருங்கிணைப்பாளர் அக்கா தூத்துக்குடிக்காரர், அவருக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு இடத்திலும் தமிழில் திரும்ப விளக்கினார், கேட்கத் தயங்கியவர்களுக்காக அவரே கேட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் போய் வாருங்கள் என்று சொன்னதும் அவர்தான். நான் போனேன். தமிழ்நாட்டிலேயே 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போனதால்தான் அங்கே எனக்குக் கேட்கக் கேள்வி இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பணம் கட்டும் முன் காப்பீடு, பஸ் பாஸ், சாம்ஸோவில் எத்தனை மணி நேரம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கொதிகலன் படம் வரைந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன், நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும்.