கையால சுத்தினா டைட்டா இருக்கிற பிரஷ்லெஸ் மோட்டார்: மூணு வருஷம் வச்சு ஓட்டின அனுபவம்

மூணு வருஷமா ஒரே 450 சைஸ் குவாட் (நாலு மோட்டார் டிரோன்) தான் ஓட்டிட்டு இருக்கேன், மோட்டார் ஏ2212, 1000 கேவி (லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து), காலேஜ் புராஜெக்ட் பண்றவங்க முக்கால்வாசி பேர் கையில பார்க்கிற அதே மோட்டார். போன வருஷம் ஒண்ணு வைண்டிங் (உள்ள சுத்தியிருக்கிற காப்பர் ஒயர்) கருகிப் போச்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே மாடல்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து பெல்லை, அதாவது வெளியில சுத்தற மூடியை, ரெண்டு விரலால சுத்திப் பார்த்தா, பழைய மூணும் வழவழன்னு போகுது, இது மட்டும் கடக் கடக்னு ஒவ்வொரு இடத்துலயும் புடிச்சு புடிச்சு நகருது. டூப்ளிகேட் குடுத்துட்டாங்கன்னு மறுநாளே தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் கையில வாங்கி ஒரு சுத்து சுத்திட்டு "இது நல்ல மோட்டார் சார், தைரியமா போடுங்க"ன்னாரு. அரைமனசோட தான் திரும்பி வந்தேன். அவர் சொன்னது சரின்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

அந்த கடக் கடக் எங்கிருந்து வருதுன்னா, பெல்லுக்குள்ள 14 காந்தம் ஒட்டியிருக்கு, நடுவுல அசையாம நிக்கிற ஸ்டேட்டர்ல 12 இரும்புப் பல்லு. காந்தம் இரும்பைப் பார்த்தா இழுக்கத்தான் செய்யும், கரண்ட் எதுவும் வேணாம், அதனால பெல் தனக்குச் சௌகரியமான இடத்துல போய் உக்காந்துக்குது, அங்கிருந்து நகர்த்த நாம தள்ளணும், தள்ளினதும் அடுத்த பள்ளத்துல விழுந்துடும். கோகிங்னு சொல்றது இதைத்தான். ஒரு சுத்துக்கு எத்தனை பள்ளம்னா பல்லு எண்ணிக்கையும் காந்த எண்ணிக்கையும் சேர்ந்த மீச்சிறு பொது மடங்கு, ஸ்கூல் கணக்கு தான், 12க்கும் 14க்கும் 84 வரும். சின்ன 1103 மாதிரி மோட்டார்ல 9 பல்லு 12 காந்தம், அதுல 36 தான். பள்ளம் கம்மியா இருந்தா ஒவ்வொண்ணும் ஆழமா இருக்கும், அதான் அவ்ளோ குட்டி மோட்டாரும் விரலுக்கு முரண்டு புடிக்குது. காந்தத்தை சம இடைவெளியில ஒட்டாத மோட்டார்ல 84 பொடிப் படிக்குப் பதிலா பெரிய பெரிய படியாவும் தெரியும். இது போக காந்தம் ஸ்ட்ராங்கா இருந்தாலும், காந்தத்துக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற சந்து கம்மியா இருந்தாலும் இன்னும் டைட் ஆகும், இது ரெண்டும் நல்ல மோட்டாரோட லட்சணம்.

சரி, அப்போ ஒரே மாடல்ல புதுசு ஏன் டைட், பழசு ஏன் லேசு? பேரிங் நல்லா ஓடிப் பழகி லேசாயிடுச்சுன்னு தான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மோட்டாரையும் கழட்டி, ஒவ்வொண்ணோட ஷாஃப்டையும் டிரில் மிஷின்ல மாட்டி, ஒரே ஸ்பீடுல சுத்த விட்டு, மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டுக்கு நடுவுல மல்டிமீட்டரை ஏசியில வச்சுப் பார்த்தேன். புதுசு 1.9 வோல்ட் காட்டுச்சு. பழசு மூணும் 1.75, 1.7, 1.6. ஒரே வைண்டிங், ஒரே ஸ்பீடு, வோல்ட் கம்மின்னா காந்தம் இறங்கிப் போச்சுன்னு தான் அர்த்தம். காரணமும் உடனே புரிஞ்சுது, அதுக்கு முந்தின கோடையில 3 செல் பேட்டரிக்குப் பதிலா 4 செல் போட்டு, அதே 10 இன்ச் பிராப்போட (காத்தாடி) ஒரு மாசம் ஓட்டினேன், இறக்கினதும் பெல்லைத் தொட முடியாது, அவ்ளோ சூடு. சாதா நியோடிமியம் காந்தம் 80 டிகிரி வரைக்கும் தான் தாங்கும், சூடு தாங்கற எஸ்எச் கிரேடுன்னா 150, விலை கம்மியான மோட்டார்ல எது இருக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க. சூட்டுல போன காந்தம் ஆறினாலும் முழுசா திரும்பி வராது. இந்த கோகிங் காந்தத்தோட பலத்துக்கு வர்க்கமா மாறும், அதாவது காந்தம் 10 சதவீதம் இறங்கினா கைக்கு கிட்டத்தட்ட 20 சதவீதம் லேசாத் தெரியும், மீட்டருக்கு முன்னாடியே விரல் கண்டுபிடிச்சிடும். நான் வழவழன்னு சந்தோஷப்பட்ட மூணும் தான் வீணாப் போன மோட்டார். காந்தம் இறங்கினா கேவி ஏறும், அதே இழுவைக்கு அதிக கரண்ட் குடிக்கும், இன்னும் சூடாகும், என் பறக்கிற நேரம் 11 நிமிஷத்துலருந்து 9 நிமிஷத்துக்கு வந்ததுக்கு பேட்டரியை வேற திட்டிட்டு இருந்தேன்.

கேவி பத்தி ஒண்ணு, கேவி கம்மியா இருந்தா கையால சுத்த கஷ்டமா இருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. அதே ஸ்டேட்டர், அதே காந்தம், பல்லு மேல காப்பர் ஒயர் சுத்தியிருக்கிற எண்ணிக்கை மட்டும் வேறன்னா ஒயர் ஓப்பனா இருக்கிற வரைக்கும் விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கோகிங்க்கு காப்பர் ஒயர் சம்பந்தமே இல்ல.

ஆனா ஒயர் ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு இருந்தா கதையே வேற. ஒயர் நுனியில இருக்கிற மூணு புல்லட் கனெக்டரையும் சேர்த்துப் புடிச்சுட்டு சுத்திப் பாருங்க, வெல்லப்பாகுல கரண்டியை விட்டுக் கிண்டற மாதிரி இருக்கும், மெதுவா சுத்தினா விட்டுக் குடுக்கும், வேகமா சுத்தச் சுத்த எதிர்க்கும். ரெண்டு ஒயர் மட்டும் தொட்டா எதிர்ப்பு விட்டு விட்டு வரும். மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி தன்னையே பிரேக் போடுது. எனக்கு ஒரு தடவை வலது பின்பக்கம் திடீர்னு இப்படி ஆச்சு, பேட்டரி கழட்டியும் டைட், மோட்டார் ஒயரை ஈஎஸ்சிலருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்) எடுத்ததும் ஃப்ரீ, அப்போ மோட்டார் நல்லாருக்கு, ஈஎஸ்சில கரண்டை ஆன் ஆஃப் பண்ற மாஸ்ஃபெட் ஷார்ட். இது தெரியாம மோட்டாரை மாத்திட்டு பவர் குடுத்தீங்கன்னா புகை தான்.

மூணாவது வகை கரகரப்பு. பீச் மணல்ல இறக்கினா அதுல இருக்கிற கருமணல் காந்தத்துல ஒட்டிக்கும், ஊதினா போகாது, பெல்லைக் கழட்டி செலோ டேப்பை பல்குச்சியில திருப்பிச் சுத்தி ஒத்தி ஒத்தித் தான் எடுக்கணும், நான் அரை மணி நேரம் உக்காந்து எடுத்தேன். பேரிங் போனாலும் கரகரன்னு தான் இருக்கும், ஆனா பெல்லை விட்டதும் துள்ளிப் போய் பள்ளத்துல உக்காராது, விட்ட இடத்துலயே தேஞ்சு நிக்கும்.

டைட்டான மோட்டார் கரண்டை வீணாக்குமான்னா, கோகிங் ஒரு கையால இழுத்து மறு கையால தள்ளும், ஒரு சுத்துல கணக்கு நேராயிடும், ஓடற ஸ்பீடுல தெரியவே தெரியாது. பிராப் இல்லாம ஓட்டி எத்தனை ஆம்ப் எடுக்குதுன்னு பாருங்க, அது தான் பேசும்.

பழைய மூணையும் மாத்தியாச்சு, 3 செல்லுக்கே வந்துட்டேன், இப்போ நாலும் ஒரே மாதிரி கடக் கடக். பறக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மாட்டாம நாலையும் ஒரு சுத்து சுத்திடறேன். போன வாரத்துலருந்து இடது முன்பக்கம் மட்டும் அந்தத் துள்ளல் கம்மியா, லேசா கரகரன்னு இருக்கு, பேரிங் சொல்லி வச்சிருக்கேன்.