பேஸ்புக்கா, லிங்க்ட்இன்னா: செய்தவர்கள் நினைத்தது என்ன?

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்பவருக்கு பேஸ்புக் போதும். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வேலை தேடும் பையனுக்கு லிங்க்ட்இன் வேண்டும். இரண்டையும் உருவாக்கியவர்களின் நோக்கமே வேறு.

மார்க் ஸக்கர்பெர்க்கும் நண்பர்களும் 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில் பேஸ்புக்கைத் தொடங்கியது, ஒரே கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளத்தான். 2006-இல்தான் வெளியாட்கள் எல்லோரையும் சேர்த்தார்கள். வருமானம் பெரும்பாலும் விளம்பரம்; நாம் எவ்வளவு நேரம் உட்காருகிறோமோ அவ்வளவு லாபம். காட்பாடி ஸ்டேஷனில் ஒரு கல்யாண போட்டோவைப் பார்க்கத் திறந்தால், வண்டி வந்தும் விரல் நிற்காது.

ரீட் ஹாஃப்மன் குழு அதற்கு முன்பே, 2003 மே மாதம் லிங்க்ட்இன்னை வெளியிட்டுவிட்டது. ஹாஃப்மன், இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனத்தில் இருந்தவர். வேலைக்கு ஆள், ஆளுக்கு வேலை, அவ்வளவுதான் எண்ணம். ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம் சந்தா வாங்குகிறார்கள். உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று அங்கே ஓரளவு தெரியும், பேஸ்புக் காட்டாது. என்ன, அங்கேயும் இப்போது சுயபுராணம் ஜாஸ்தி.

வேலூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிப்பவர் கேட்டால், முதலில் லிங்க்ட்இன் என்பேன். செய்த ப்ராஜெக்டை ஒழுங்காக எழுதி வையுங்கள். சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல பேஸ்புக் இருக்கவே இருக்கிறது.